ஏழாவது சோறு

வெற்றிச்செல்விக்குத் 'தெரியாது' என்று சொல்ல வராது. ஜெயங்கொண்டம் பஸ் எங்கே நிற்கும் என்று யாராவது கேட்டால், தெரிகிறதோ இல்லையோ, கையை நீட்டி ஒரு திசையைக் காட்டிவிடுவாள். கேட்டவர் பெரம்பலூரில் போய் இறங்கினால் அது அவர் பாடு. ஆனால் அடுப்படியில் அவள் கை பொய் சொன்னதில்லை. அரியலூரைச் சுற்றிக் கல்யாணமோ காதுகுத்தோ, பிரியாணி என்றால் அவளும் அவள் புருஷன் தர்மராஜும்தான். அண்டாவைத் திறந்தால் சீரகச் சம்பா ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பூவாய்க் கிடக்கும்.

அவள் வீட்டு வாசலில் ஒரு வியாழக்கிழமை காலை வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவள் உடையார்பாளையம் பக்கத்துப் பெரிய வீட்டு ஜெகதாம்பாள். வயலும் முந்திரித் தோப்புமாக வாழ்கிற குடும்பம். வெற்றிச்செல்வியின் அம்மா கொளஞ்சியம்மாள் இருபது வருஷம் அந்த வீட்டு வயலில் நாற்று நட்டவள். நட்ட காலத்தில் அவள் அந்த வீட்டின் கொல்லைப்புறத்தைத் தவிர வேறு எந்தப் பக்கத்தையும் பார்த்ததில்லை. அந்த வீட்டு அம்மா இப்போது வெற்றிச்செல்வி போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"மருமவ வாயும் வயிறுமா இருக்கா, வெற்றிச்செல்வி. ஏழாம் மாசம். வர்ற வியாழக்கெழம வளைகாப்பு."

மருமகள் யார் என்பது ஊருக்கே தெரிந்த கதை. மகன் அறிவழகன் பூனாவில் வேலை பார்க்கப் போனான். கூட வேலை பார்த்த ஷிவானியைக் கட்டிக்கொண்டு வந்தான். ஜம்முவில் வளர்ந்த காஷ்மீரத்துப் பெண். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவள் அம்மா இறந்துவிட்டாள். வளைகாப்புச் சோறு கட்டிக்கொண்டு வர வேண்டியவள் பெண்ணைப் பெற்றவள். அவள் இல்லாததால் மாமியாரே அந்த வேலையையும் தலையில் போட்டுக்கொண்டாள்.

"எங்க வூட்டுல ஏழு சோறு வழக்கம். புளிச்சோறு, எலுமிச்ச, தேங்கா, எள்ளு, தயிரு, சக்கரப் பொங்கல். ஏழாவதுக்கு ஒனக்கு என்ன ஆசைன்னு அவளயே கேட்டேன். அவங்கம்மா விசேஷத்துக்கு குங்குமப்பூ போட்டு, பாதாம், முந்திரி, திராட்ச, பேரீச்ச எல்லாம் போட்டு இனிப்பா ஒரு சோறு ஆக்குவாங்களாம். அதான் வேணும்ங்கறா. எப்படி ஆக்குறதுன்னு கேட்டா அவளுக்குத் தெரியல. திங்க மட்டுந்தான் தெரியுமாம். போன மாசம் ஒரு கல்யாணத்துல ஒன் பிரியாணிய தின்னுட்டு, எங்கம்மா சோறும் இப்படித்தான் உதிரியா இருக்கும்னா. அதான் ஒன்னத் தேடி வந்தேன். ஒனக்கு அது ஆக்கத் தெரியுமா?"

"தெரியுங்கம்மா. அது என்ன பெரிய வித்தையா?"

கார் தெருமுனை திரும்பும் வரை தர்மராஜ் பொறுத்திருந்தான்.

"நீ எப்ப அதத் தின்ன?"

"இனிமேத்தான்" என்றாள் வெற்றிச்செல்வி.

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. அது எவ்வளவு ஆழம் என்பது அன்று சாயந்திரம் தெரிந்தது. ஜெகதாம்பாளின் நாத்தனார் முத்தாயி, "வளைகாப்புச் சோத்த யாரு கையில வாங்குறதுன்னு ஒரு மொற இல்லையா? தஞ்சாவூர்லேருந்து நல்ல ஆளா வரவழைக்கலாமே" என்று சொன்னாளாம். சொன்னதை அந்த வீட்டு டிரைவர் வந்து சொல்லிவிட்டுப் போனான். வெற்றிச்செல்வி கணக்குப் போட்டுப் பார்த்தாள். சோறு கெட்டால் முத்தாயி சோற்றைக் குறை சொல்ல மாட்டாள், கையைத்தான் சொல்வாள். அதற்கப்புறம் அந்த வீட்டு முன்வாசல் அவளுக்கு மட்டுமல்ல, அவள் தெருவிலிருந்து கரண்டி பிடிக்கிற எவளுக்கும் திறக்காது.

ஜம்முவிலிருந்து ஷிவானியின் அப்பா அனுப்பிய குங்குமப்பூ இரண்டு டப்பா அந்த வீட்டுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. ஒன்றை ஜெகதாம்பாள் எடுத்துவைத்துக்கொண்டாள், பிள்ளை சிவப்பாகப் பிறக்க மருமகளுக்குப் பாலில் போட்டுக் கொடுக்க. அந்த மருமகளே சுண்டினால் ரத்தம் வருகிற நிறம். இன்னும் எவ்வளவு சிவக்க வைக்கப் போகிறார்களோ, அது அந்த வீட்டுக்காரர்கள் விவகாரம். மற்ற டப்பா வெற்றிச்செல்வியிடம் வந்தது. அவள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். தேனும் வைக்கோலும் கலந்தது போல ஒரு வாசனை. இரண்டு இழையை நாக்கில் வைத்துக்கொண்டாள், கசந்தது. இந்தக் கசப்பை வைத்துக்கொண்டு இனிப்பு எப்படிச் செய்தார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது.

தர்மராஜ் செல்போனில் மூன்று வீடியோ எடுத்துக் காட்டினான். மூன்றும் இந்தி. ஒருத்தி அரிசியை வடிக்கிறாள், சர்க்கரை போடுகிறாள், மூடுகிறாள். இன்னொருத்தியும் அப்படியே. நடுநடுவே என்னவோ பேசித் தீர்க்கிறார்கள்.

"என்ன சொல்றா?"

"எனக்கென்ன தெரியும்? கையப் பாரு."

கையைப் பார்த்ததில் வெற்றிச்செல்விக்குத் தைரியம் வந்துவிட்டது. அரிசியை வடித்து, மேலே பொருளைப் போட்டு, மூடித் தம் போடுவது. அட, பிரியாணிதானே! கறிக்குப் பதில் சர்க்கரை. வெள்ளிக்கிழமை காலையே அரைப்படி பாசுமதியை ஊறவைத்தாள். பிரியாணிக்கு எடுப்பது போலவே முக்கால் பதத்தில் வடித்தாள். நெய்யில் முந்திரியும் பாதாமும் திராட்சையும் வறுத்து, ஏலக்காய், கிராம்பு, பட்டை போட்டு, சர்க்கரையும் குங்குமப்பூ ஊறிய பாலும் சேர்த்து, மூடி மேல் தணல் போட்டாள். திறந்தபோது நிறம் அப்படி ஒரு நிறம். வாசனை தெருவைக் கூட்டியது. தர்மராஜ் ஒரு வாய் போட்டான்.

கடக்கென்று சத்தம் கேட்டது.

"என்னடி இது, அட்சதைய அள்ளித் தின்ன மாதிரி இருக்கு?"

அவளும் தின்று பார்த்தாள். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பதினெட்டு வருஷச் சமையலில் அவள் கையில் அரிசி வேகாமல் போனது அதுதான் முதல்முறை. இன்னும் கொஞ்ச நேரம் தம்மில் விட்டாள். பாகுதான் கெட்டியானது; அரிசி அசையவில்லை.

தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். அரியலூர்க்காரர்கள் எது நடந்தாலும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவார்கள். சுண்ணாம்புக்கல் பூமி, போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேக அரைநாள் ஆகும், குடத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். சனிக்கிழமை கேன் தண்ணீர் வாங்கி ஆக்கினாள். அதே கடக். அரிசியைச் சந்தேகப்பட்டு வேறு மூட்டையில் எடுத்தாள். அதுவும் கடக். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணப் பிரியாணி. அதே கேன் தண்ணீர், அதே முக்கால் பதம், அதே தம், சோறு மல்லிகையாக மலர்ந்தது. அவளுக்குப் பயம் ஒரு பக்கம் இருந்தாலும், இது என்ன கூத்து என்று தெரிந்துகொள்கிற வெறி அதைவிடப் பெரிதாகப் பிடித்துக்கொண்டது. பல் துலக்கும்போதும் அதே நினைப்பு. தர்மராஜ் பேசினால் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை ஆக்கும்போது தர்மராஜ் தட்டை நீட்டினான். அவனுக்கு உடம்பில் சர்க்கரை.

"எனக்கு ஒரு பிடி சீனி போடாம எடுத்து வையி. தெனமும் சோதன எலி மாதிரி தின்னுக்கிட்டிருக்கேன், கால் மரத்துப் போவுது."

அவள் முணுமுணுத்துக்கொண்டே ஒரு சின்னக் கிண்ணத்தில் வடித்த அரிசியும் நெய்யும் கொஞ்சம் பாலும் போட்டு, அதே சட்டிக்குள் ஓரமாக வைத்து மூடினாள். அரைமணி கழித்துத் திறந்தால், சுற்றி இருந்தது கல். கிண்ணத்துக்குள் இருந்தது பூ.

வெற்றிச்செல்வி கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரே தண்ணீர், ஒரே அரிசி, ஒரே தணல். வித்தியாசம் சர்க்கரை ஒன்றுதான்.

"இங்க பாருய்யா! சீனி பட்டதும் அரிசி வாய மூடிக்குது. அதுக்கப்புறம் வேவவே மாட்டேங்குது. சக்கரப் பொங்கலுக்கு நல்லா கொழைய வேக வச்ச பொறவுதான் வெல்லம் போடுறோம். ஏன்னு என்னைக்காவது யோசிச்சோமா? முக்கா பதம் இதுக்கு ஆவாது. முழுசா வெந்தாவணும், ஆனா கொழையக் கூடாது."

"அப்ப ஒன் பிரியாணிக் கைதான் கெடுத்திருக்கு" என்றான் தர்மராஜ். அவனுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

செவ்வாயும் புதனும் அந்தப் பதத்தைப் பிடிப்பதிலேயே போயின. முதல் நாள் குழைந்தது, மறுநாள் பதத்தில் நின்றது.

வியாழக்கிழமை காலை அந்த வீட்டு முன்வாசல் வழியாக, புதுப் பாத்திரங்களோடு, அவள் சமையலறைக்குள் போனாள். முத்தாயி வழியில் நின்று ஒவ்வொரு பாத்திரத்தையும் பார்த்தாள். வெற்றிச்செல்வி பார்க்காதது போல அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த வீட்டுத் தோப்பு முந்திரி, முழுசு முழுசாக, நெய்யில் பொன்னிறமாக வந்தது. அரிசியை விரலில் எடுத்து நசுக்கினாள். நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லை. அப்புறம்தான் சர்க்கரையைத் தொட்டாள்.

வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, ஆரத்தி எடுத்து முடிந்ததும் ஷிவானியின் முன்னால் ஏழு சோறும் வைத்த பெரிய தாம்பாளம் வந்தது. கூடம் நிறையப் பெண்கள். வெற்றிச்செல்வி சமையலறை நிலைப்படியில் நின்றாள். ஷிவானி மற்ற எதையும் தொடாமல் மஞ்சள் சோற்றில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு எதையோ தேடுகிறவள் போல மென்றாள்.

"நல்லா இருக்கு அக்கா. ரொம்ப நல்லா இருக்கு" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில். "ஆனா... அம்மாது இல்ல."

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்று முத்தாயி கூடத்துக்கே கேட்கும்படி சொன்னாள். "தெரிஞ்ச கையில குடுக்கணும்னு."

வெற்றிச்செல்வியின் நாக்கில் ஒரு பதில் தயாராக இருந்தது. 'அது அவங்க ஊருப் பக்குவங்க, இது நம்ம பக்குவம்' என்று சொன்னால் போதும், ஒருவரும் மறுத்துப் பேச முடியாது. மானமும் பிழைக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இல்லாதது என்ன என்று அவளுக்கு அப்புறம் தெரியவே போவதில்லை. அதை அவளால் தாங்க முடியவில்லை. அவள் கூடத்துக்குள் இறங்கி ஜெகதாம்பாள் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குத் தெரியாதுங்கம்மா."

ஜெகதாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும்னு சொன்னது பொய்யிங்க. இந்தச் சோத்த நான் ஜென்மத்துல தின்னதில்ல. ஒரு வாரமா ஆக்கி ஆக்கிப் பாத்துத்தான் இந்த எடம் வரைக்கும் வந்திருக்கேன். மிச்சம் என்னன்னு இந்தப் பாப்பா நாக்குக்குத்தான் தெரியும். கொஞ்சம் அடுப்படிக்கு அனுப்புங்க, கண்டுபுடிச்சுடுறேன்."

ஜெகதாம்பாள் தாம்பாளத்தைப் பார்த்தாள், மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, மருமகளைக் கைத்தாங்கலாகப் பிடித்து எழுப்பினாள்.

"எனக்குந்தான் தெரியல. வா, என்னன்னு பாத்துப்புடுவோம்."

சமையலறையில் ஷிவானியை மணையில் உட்காரவைத்து, ஒரு தட்டில் சோற்றைக் கொட்டி, இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்தார்கள். வெற்றிச்செல்வி அஞ்சறைப்பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஏலக்கா இருக்கு, கிராம்பு இருக்கு. பன்னீரா கண்ணு?"

"இல்ல. வாசன இல்ல அக்கா. தொண்டைல." ஷிவானி கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "கடைசில. கொஞ்சம் சூடு."

சுக்கைத் தட்டி ஓர் ஓரத்தில் தூவினாள். மூன்று பேரும் தின்று பார்த்தார்கள். ஷிவானி தலையாட்டினாள், இல்லை. ஜாதிக்காயை உரசிப் போட்டாள். அதுவும் இல்லை.

"மொளகு இருக்குமோ?" என்றாள் ஜெகதாம்பாள். "கருப்பு மொளகு."

"இனிப்புச் சோத்துலயாங்கம்மா?"

"ஏன், பானகத்துல போடலயா நாம?"

வெற்றிச்செல்வி எழுந்து, நெய்யில் முழு மிளகைப் போட்டுப் பொரியவிட்டு, அப்படியே தட்டின் நடுவில் ஊற்றிக் கிளறினாள். ஷிவானி ஒரு வாய் போட்டாள். மெல்லுவதை நிறுத்தினாள். "ஆமா" என்றாள். அப்புறம் அழுதுகொண்டே தின்றாள், நிறுத்தாமல், குழந்தைபோல அள்ளி அள்ளி.

வெற்றிச்செல்வியும் எடுத்துத் தின்றாள். முதலில் இனிப்பு. அடுத்து நெய்யும் குங்குமப்பூவின் அந்த வைக்கோல் வாசனையும். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது தொண்டையில் சுருக்கென்று ஒரு சூடு, இன்னொரு வாய் எடு என்று கூப்பிடுகிற மாதிரி. அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வாய்க்குக் கையை நீட்டியபோதுதான் பார்த்தாள். ஒரே தட்டில் மூன்று கைகள். அவள் விரலும் ஜெகதாம்பாளின் விரலும் ஒரே முந்திரிக்குப் பக்கத்தில் இருந்தன. அவள் கை சட்டென்று கூசி நின்றது. ஜெகதாம்பாளும் பார்த்துவிட்டாள், ஒரு கணம் அவள் விரலும் நின்றது. பிறகு அந்த முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இந்தப் பக்கம் மொளகு வரவே இல்ல, நல்லா கெளறி வுடு" என்றாள்.

நிலைப்படியில் நிழல் விழுந்தது. முத்தாயி நின்றுகொண்டிருந்தாள். தட்டைப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள், அழுதுகொண்டே தின்கிற மருமகளைப் பார்த்தாள். அவள் மூக்கு இரண்டு தரம் விரிந்து சுருங்கியது.

"அப்படி என்னதான் இருக்காம் அதுல?"

"தின்னு பாருங்க அண்ணி" என்றாள் ஜெகதாம்பாள்.

முத்தாயி முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, தட்டுக்குக் கையை நீட்டினாள். வெற்றிச்செல்வி தன் கையை எடுக்கவில்லை.