ஜுரம் இல்லை என்றவன்

ஆவணி மாதம் ஒரு காலையில் கட்டுமரத்தைக் கரையேற்றும்போது ஜெயவேலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நெட்டுக்குப்பத்தில் முதுகு பிடிக்காத ஆம்பிளை கிடையாது என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மனைவி கெங்கம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். சுடுமணலைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். ஐப்பசி பிறந்தும் வலி போகவில்லை. தோள்பட்டைகளுக்குக் கீழே, நடு முதுகில், ஒரே இடத்தில் நின்றது. தரையில் கிடக்கும் துடுப்பை எடுக்க அவன் குனிவதில்லை. முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி உட்கார்ந்துதான் எடுப்பான்.

இன்னொன்றும் இருந்தது. அது கெங்கம்மாவுக்கு மட்டும் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் அவன் உடம்பு சுடும். விடியும்போது அவன் படுத்த பாய் நனைந்திருக்கும். அரைஞாண் கயிறு தளர்ந்து இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவன் அவளிடம் சொல்லி வைத்திருந்தான். பக்கத்துத் தெருவில் ஒருவனுக்கு எலும்புருக்கி, ஒட்டிக்கொள்ளும் காசநோய், என்று தெரிந்த வருஷத்தை இருவருமே பார்த்திருந்தார்கள். அவன் தொட்ட வலையை யாரும் தொடவில்லை. அவன் பெண்டாட்டி கூடையில் வைத்த மீனை யாரும் வாங்கவில்லை. கடைசியில் அந்தக் குடும்பம் மாதவரம் பக்கம் போய்விட்டது என்றார்கள். அதற்கப்புறம் அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜெயவேலும் அவன் அண்ணன் மாரியப்பனும் ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. மாரியப்பனின் மூன்று பிள்ளைகளும் சித்தப்பன் தட்டில் கைவைத்துத்தான் சாப்பிடும். கெங்கம்மாவுக்குப் பிள்ளை இல்லை. மூன்றில் கடைசிப் பெண் அவள் மடியிலேயே வளர்ந்தது.

முதுகு வைத்தியர் எதிராஜுலுவைப் பற்றி அவள் டோல்கேட்டில் மீன் விற்கும்போது கேள்விப்பட்டாள். ஒரு மாதமாகக் கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்த வாடிக்கைக்காரி ஒருத்தி, ஒருநாள் சாதாரணமாகத் திரும்பிப் பார்த்துப் பேரம் பேசினாள். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, இரண்டு தெரு தள்ளி ஒரு நாயுடு இருக்கிறார், கையால் ஒரு அழுத்து, அவ்வளவுதான் என்றாள். எதிராஜுலு ராயபுரத்தில் பிறந்தவர். சின்ன வயசில் கப்பலில் கரி தள்ளப் போனவர், அமெரிக்காவில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். துணி வெளுக்கும் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, எலும்பைக் கையால் சரிசெய்யும் படிப்பு ஒன்றைப் படித்தார். கைரோபிராக்டிக் என்று அதற்குப் பெயர். இரண்டாவது உலகச் சண்டை முடிந்த பிறகு ஊர் திரும்பி வீட்டு முன்னறையில் தொழிலை ஆரம்பித்தார். வாசலில் தொங்கிய பலகையில் அந்த இங்கிலீஷ் பெயரும், அதன் கீழே தமிழில், 'முதுகெலும்பு சீர் செய்யப்படும். மருந்து இல்லை. கத்தி இல்லை' என்றும் எழுதியிருந்தது.

மருந்து இல்லை என்பதுதான் ஜெயவேலுக்குப் பிடித்தது. ஆஸ்பத்திரி என்றால் ஜுரம் பார்ப்பார்கள், சோதிக்க எச்சில் கேட்பார்கள். இங்கே முதுகை மட்டும் காட்டினால் போதும். ஒரு வியாழக்கிழமை காலை எண்ணூரில் ரயிலேறினார்கள். ஏறும்போது ஜெயவேலின் இடது கால் படியில் சரியாகப் பதியவில்லை. கூட வந்த மாரியப்பன்தான் அவனைத் தோளில் தாங்கி ஏற்றினான். தம்பி இல்லாமல் ஒன்றரை மாதமாகக் கூலியாளை வைத்துக்கொண்டு கடலுக்குப் போனவன் அவன். வழியெல்லாம், திங்கட்கிழமை தம்பி கட்டுமரம் ஏறிவிடுவான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தான்.

எதிராஜுலுவின் முன்னறையைப் பச்சைத் திரை ஒன்று இரண்டாகப் பிரித்தது. திரைக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. அவர்களுக்கு முன்னால் அச்சாபீஸ்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் பேச்சுக் குரல் கேட்டது. பிறகு முருங்கைக் கிளை முறிவதுபோல் மளுக்கென்று ஒரு சத்தம். கெங்கம்மா ஜெயவேலின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரைக்குப் பின்னால் அந்த மனிதர் சிரித்தார். நிமிர்ந்து வெளியே வந்து, செருப்பைக் குனிந்து மாட்டிக்கொண்டு போனார். அவர் குனிந்ததை ஜெயவேல் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்படிக் குனிந்து எத்தனை நாளாகிவிட்டது என்று எண்ணினான்.

மாரியப்பன் பெஞ்சில் இருக்க, புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே போனார்கள். எதிராஜுலு குள்ளமான ஆள். ஐம்பது வயசிருக்கும். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு, வெந்நீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். இடுப்பு உயரத்துக்குத் தோல் தைத்த நீளமான பலகை ஒன்று அறை நடுவில் இருந்தது. அதன் ஒரு முனையில் முகம் வைக்க ஓட்டை. ஜெயவேல் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தான். ஓட்டை வழியாக அவன் கண்ணுக்கு சிமெண்டுத் தரையும், எதிராஜுலுவின் வெறுங்காலும் மட்டும் தெரிந்தன.

வெந்நீரில் நனைந்த கை முதுகில் பட்டதும் அவனுக்கு என்னவோ போலிருந்தது. கெங்கம்மாவைத் தவிர இத்தனை நாளில் வேறு யாரும் அவன் முதுகைத் தொட்டதில்லை. இரண்டு கட்டைவிரல்களும் கழுத்தடியில் ஆரம்பித்து, எலும்பெலும்பாகக் கீழே இறங்கின. அவசரமே இல்லை. வலி இருக்கும் இடத்துக்கு வருமுன்பே அவன் உடம்பு தளர்ந்தது. தூக்கம்கூட வரும்போல் இருந்தது. பிறகு விரல்கள் ஓரிடத்தில் நின்றன. மேலே போய்த் திரும்பி வந்து, அதே இடத்தில் மறுபடி நின்றன. எதிராஜுலு விரல் முட்டியால் அங்கே லேசாகத் தட்டினார். ஜெயவேலின் உடம்பு பலகையிலிருந்து துள்ளியது.

எலும்பு ஒன்று துருத்தியிருக்கிறது, எப்போதிலிருந்து என்று அவர் கேட்டார். ஆவணியிலிருந்து என்றான் ஜெயவேல். விழுந்தாயா என்றார். விழவில்லை, மரம் இழுத்தேன் என்றான்.

"சாயங்காலம் ஜொரம் வருதா நைனா?"

"இல்ல."

"ராத்திரில வேர்க்குதா? ஒடம்பு எளச்சிகினு வருதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. கடலுக்குப் போறவன் எளப்பான், அப்பால தேறுவான்."

எதிராஜுலு மறுபடி அந்த எலும்பைத் தடவினார். பிறகு, மூச்சை இழுத்து மெதுவாக விடும்படியும், பாதி விட்டதும் தாம் அழுத்தப்போவதாகவும், சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். ஒரு உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்தார். ஒரு காலைப் பின்னால் ஊன்றினார்.

கெங்கம்மா தலைமாட்டில் நின்றாள். அவர் தோள் இரண்டும் முன்னால் சாய்வதைப் பார்த்தாள். பலகையின் மறுமுனையில் புருஷனின் இடது கால், ரயில் படியில் பதியாத அந்தக் கால், ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. திரைக்கு அந்தப் பக்கம் மாரியப்பன் தொண்டையைச் செருமினான். வாயைத் திறந்தால் என்னென்ன போகும் என்று அவளுக்குத் தெரியும். கட்டுமரம், ஒரே அடுப்பு, மடியில் ஏறும் அந்தக் குழந்தை. இருந்தும், இந்த மனிதர் ஜுரத்தையும் வேர்வையையும் கேட்கிறார் என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று பட்டது. ஜெயவேல் மூச்சை இழுத்து விட ஆரம்பித்தான்.

"ஜொரம் கீது," என்றாள் கெங்கம்மா. "மூணு மாசமா கீது. பாயி நனையுது."

கைகள் எடுக்கப்படவில்லை. ஆனால் அவற்றின் கனம் போய்விட்டதை ஜெயவேல் உணர்ந்தான். அவள் பொய் சொல்கிறாள் என்று ஓட்டைக்குள்ளிருந்தே சொன்னான். கெங்கம்மா நிறுத்தவில்லை. அரைஞாண் கயிறு, சோறு வேண்டாம் என்பது, சிறுநீர் கழிக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் தாழ்ந்தது. அறை சின்னது. திரைக்கு வெளியே பெஞ்சு கிரீச்சிட்டது.

எதிராஜுலு ஒரு கையை அவன் முதுகில் வைத்தபடியே, மற்றக் கையால் அவனைப் பக்கவாட்டில் புரட்டி உட்கார வைத்தார். அவர் நெற்றி வேர்த்திருந்தது. இது சுளுக்கு அல்ல, எலும்புக்குள் நோய் விழுந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன், பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். தாம் அழுத்தியிருந்தால் இரண்டு காலும் போயிருக்கும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

"மருந்து இல்ல, கத்தி இல்லன்னு வாசல்ல எழுதி மாட்டிகினு, இப்ப ஆஸ்பத்திரிக்குப் போன்னா இன்னா அர்த்தம்?" என்றான் ஜெயவேல்.

"அது என் கையால ஆவுற நோவுக்கு எழுதுனது நைனா. இது என் கையால ஆவாது."

இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி, மடித்து, கெங்கம்மாவிடம் கொடுத்தார். அவனை நடக்கவிடக் கூடாது என்று சொல்லி, தாமே தெருவுக்குப் போய்க் கைரிக்‌ஷா ஒன்றைக் கூப்பிட்டு வந்தார். அவர்கள் வெளியே வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. மாரியப்பன் தனியாக ரயிலேறிப் போய்விட்டான்.

ஜெயவேல் அன்று ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டான். குப்பத்துக்குத் திரும்பியபோது, அவர்களுடைய பாத்திரங்கள் தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. மாரியப்பனின் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைகளைக் காணவில்லை, தன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்று அப்புறம் தெரிந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் கெங்கம்மாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஜெயவேல் அவளோடு ஒன்பது நாள் பேசவில்லை. சோற்றுத் தட்டை வைத்தால் எடுத்துக்கொள்வான், அவள் நகர்ந்த பிறகு சாப்பிடுவான். ஒருமுறை மட்டும், சுவரைப் பார்த்தபடி, "அழுத்தியிருந்தா சரியாப் பூட்டிருக்கும்," என்றான். அப்படியும் இருக்குமோ என்று அவளுக்கே அவ்வப்போது தோன்றியது. அச்சாபீஸ்காரர் சிரித்தது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பத்தாம் நாள் காலை அவனுக்கு இடது கால் எழும்பவில்லை. மத்தியானத்துக்குள் வலது காலும் மரத்தது. அப்போதுதான் அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்புருக்கியால் முதுகெலும்பு இரண்டு அரித்துப்போய் ஒன்றின்மேல் ஒன்று சரிந்திருப்பதை, சின்ன வயசு டாக்டர் ஒருவர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கடிதத்தைப் படித்துவிட்டு, முதுகை அழுத்தியிருந்தால் அன்றைக்கே கால் போயிருக்கும், ஒன்பது நாள் தாமதித்ததும் தப்புத்தான் என்று கோபித்துக்கொண்டார். முதுகின் அளவுக்கு மாவுக்கட்டில் ஒரு தொட்டி செய்து, அதில் அவனை மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். தினமும் ஊசி. புரளக் கூடாது, எழுந்து உட்காரக் கூடாது. நெட்டுக்குப்பத்தில் யாரும் மீன் தராததால், கெங்கம்மா திருவொற்றியூர் கரைக்குப் போய், தன்னைத் தெரியாதவர்களிடம் வாங்கி விற்றாள். தினமும் சாயங்காலம் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வார்டுக்கு வந்தாள். மீன் வாடை அடிப்பதாகப் பக்கத்துக் கட்டில்காரர் முணுமுணுத்தபோது, ஜெயவேல் அவரோடு சண்டை போட்டான். அவளிடம் மட்டும் அதிகம் பேசவில்லை.

மூன்றாம் மாதம் எதிராஜுலு ஒருநாள் வார்டுக்கு வந்தார். இரண்டு சாத்துக்குடியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். கெங்கம்மா உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

"என் வெரலு தப்புன்னு சொல்லிச்சு," என்றார் அவர். "நீ இல்லன்னு சொன்ன. நா வெரல வுட்டுட்டு ஒன் வாய நம்புனேன். இந்தம்மா பேசாங்காட்டி நா அழுத்தியிருப்பேன்."

ஜெயவேல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வைத்தியர்கள் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. கோபப்பட எதுவும் கிடைக்கவில்லை. தப்பு தன்மேலும் இருக்கிறது என்று மெல்லச் சொன்னான். அவர் போன பிறகு, சாத்துக்குடியை உரித்துத் தரும்படி கெங்கம்மாவிடம் கேட்டான். அவள் சுளையை வாயில் வைத்தபோது அவன் கண்ணோரத்தில் நீர் காதுப் பக்கம் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்காமல் படுத்திருந்தான். அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பதினோராம் மாதம் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் வந்துவிட்டது. முதுகில் சின்னக் கூன் தங்கிவிட்டது. கான்வாஸும் இரும்புப் பட்டையும் வைத்துத் தைத்த கச்சு ஒன்றை மார்போடு இறுக்கிக் கட்டியிருந்தான். கட்டுமரத்தில் மாரியப்பன் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலை தம்பியின் வாசலுக்கு வந்து, பத்தடி தள்ளி நின்றான். பிள்ளைகளை நினைத்துத்தான் வராமல் இருந்தேன் என்றான். ஜெயவேல் தலையாட்டினான். இப்போது ஜுரம் இருக்கிறதா என்று மாரியப்பன் கேட்டான்.

"அவளக் கேளு," என்றான் ஜெயவேல். "நா சொன்னா நம்பாத."

இல்லை, நாலு மாதமாக இல்லை என்றாள் கெங்கம்மா. மாரியப்பன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பத்தடியில் பாதியைக் கடந்து வந்து மணலில் உட்கார்ந்தான். மரத்தில் இடம் தருவதைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை, ஜெயவேலும் கேட்கவில்லை. அலை தள்ளும் மரத்தில் இனி ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். உப்பளத்தில் காவலுக்கு ஆள் தேவைப்படுகிறது, கச்சுக் கட்டிய ஆளை எடுப்பார்களோ என்னவோ, கேட்டுப் பார்க்கிறேன் என்றான் மாரியப்பன். அவன் எழுந்து போன பிறகும் ஜெயவேல் அங்கேயே நின்றான். கச்சின் இரும்பு விலாவில் உறுத்தியது. அதைத் தளர்த்திக் கட்டிவிடச் சொல்லிக் கெங்கம்மாவுக்கு முதுகைக் காட்டினான்.