யானைக்காது

அண்ணன்காரனுக்குத் தன் பிக்கப் வண்டிமேல் இருந்த பைத்தியத்தைச் சொல்லி மாளாது. பெண்டாட்டி புதுச்சேலை கட்டினால் கண்ணில் படாது. கதவில் ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவன் அன்று காலை நான்கு புது டயர்களைப் பின்னால் அடுக்கிக்கொண்டு தங்கையின் பட்டறைக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். இறக்கி நிறுத்தியபோது ஒவ்வொன்றும் அவள் இடுப்புக்கு நின்றது.

"மலைப்பாதைக்குன்னே செஞ்சது பாப்பா. இதை மாட்டிட்டா பாறையாவது சேறாவது."

"மாட்டலாம். ஆனா இது உன் வண்டிக்குப் பெரிய சைஸ். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா மட்கார்டுக்குள்ள உரசும். உள்ள இருக்கிற பிளாஸ்டிக்கைக் கழட்டி வெட்டணும்."

"வெட்டுற வேலையெல்லாம் வேணாம். பழசைக் கழட்டு, புதுசை மாட்டு, அவ்வளவுதான். சாயங்காலம் வரேன்."

வண்டியில் கத்தி படுவதென்றால் இவனுக்கு உயிரே போய்விடும் என்று அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். அவன் போகும்போது, வாசல் மேசையில் உட்கார்ந்திருந்த அவள் புருஷனின் தோளைத் தட்டி, "வரேன் மாப்ள" என்றான். புருஷன் தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. விபத்துக்குப் பிறகு அந்தக் கொஞ்சப் பேச்சும் குறைந்துபோயிற்று. போன மழைக்காலத்தில் ஒரு நாள் இருட்டிய பிறகு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவரைப் பின்னால் வந்த ஏதோ ஒரு வண்டி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆள் நடமாட்டமில்லாத சாலை. யாரோ பார்த்துத் தூக்கி வருவதற்குள் ரத்தமெல்லாம் போய்விட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடித்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. அவன் குடும்பம் விளங்காமல் போகட்டும் என்று அவள் சபிக்காத நாளில்லை. அதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன் அண்ணன்தான். அப்பா அம்மா போனபிறகு தாய்க்குத் தாயாகவும் தகப்பனுக்குத் தகப்பனாகவும் இருந்தவன், அந்த நாட்களிலும் ஆஸ்பத்திரி வராந்தாவே கதியென்று கிடந்தான்.

டயர்களை மாட்டி முடித்ததும் வண்டியைத் தரையில் இறக்கினாள். மற்ற பட்டறைகளில் இத்தோடு கையைத் துடைத்துக்கொள்வார்கள். அவளுக்கு அது ஆகாது. ஜாக்கியில் தொங்கும்போது எந்த டயரும் சமர்த்தாகத்தான் சுற்றும். பாரம் ஏறினால்தான் அதன் குணம் தெரியும். பின்னால் ஒரு பழைய இன்ஜினை ஏற்றினாள். முன் இடது சக்கரத்தை மரக்கட்டை மேல் ஏற்றி நிறுத்தி, ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தாள். கரகரவென்று உரசியது.

"நான் சொன்னா எவன் கேக்கறான்" என்று முனகிக்கொண்டே சக்கரத்தைத் திரும்பக் கழற்றினாள். மட்கார்டுக்குள் இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் தடுப்பின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். ஓரத்தில் ஒரு கிளிப் ஏற்கெனவே உடைந்து, அந்த இடம் வாயைப் பிளந்திருந்தது. தடுப்பை இழுத்ததும் காய்ந்த மண்கட்டிகள் பொலபொலவென்று கொட்டின. மண்ணோடு ஒரு ரப்பர் துண்டும் விழுந்தது.

தூக்கிப் போடத்தான் எடுத்தாள். மண் உதிர்ந்த இடத்தில் ஒரு பஞ்சர் ஒட்டு தெரிந்தது. முக்கோண ஒட்டு. ஊரில் எல்லோரும் வட்டமாக வெட்டி ஒட்டுவார்கள். முக்கோணமாக வெட்டுகிறவள் அவள் ஒருத்திதான்.

குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினாள். கை அதுவாகக் கழுவியது. பழைய டிராக்டர் ட்யூபை வெட்டி, புருஷனின் ஸ்கூட்டர் பின்சக்கரத்தில் சேறு தெறிக்காமலிருக்க அவளே செய்து மாட்டிய மட்ஃப்ளாப். அளவு தெரியாமல் பெரிதாக வெட்டிவிட்டாள். அண்ணன்தான் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்து, "என்ன மாப்ள, யானைக்காது மாட்டிட்டு வர்றீங்க" என்று பேர் வைத்தான். நொறுங்கிய ஸ்கூட்டரில் மேல்பாதி மட்டும் கிழிந்து தொங்கியது. கீழ்பாதி சாலையில் எங்கோ போயிருக்கும் என்று நினைத்திருந்தாள்.

பிறகொரு நாள் அண்ணன் அந்த வழியாகப் போகும்போது வண்டியில் அகப்பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அதற்குள் கண் முன்பக்கம் போய்விட்டது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவன் வேறு பட்டறையில் போட்ட இரும்புப் பம்பர். என்னிடம் ஏன் கொண்டுவரவில்லை என்று அவள் கோபித்துக்கொண்டதற்கு, "நீயே அலைஞ்சிட்டிருந்த, உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்றிருந்தான். எவ்வளவு அக்கறை என்று அன்றைக்கு அவள் கண்கலங்கியது இப்போது ஞாபகம் வந்தது.

ஈரம் சொட்டச் சொட்ட அதைக் கொண்டுபோய்ப் புருஷனின் மேசைமேல் வைத்தாள்.

"என்னங்க, இது அண்ணன் வண்டிக்குள்ள இருந்துச்சு."

அவர் அதைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. சொல்லப்போனால், நெடுநாள் வராத விருந்தாளி வந்து நிற்பதுபோலப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"விழுந்து கெடந்தப்பவே. அந்த வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? அப்புறம் மச்சான் எறங்கி வந்தாரு."

"எறங்கி வந்தானா?"

"வந்தாரு. மூஞ்சில டார்ச் அடிச்சுப் பாத்தாரு. நான் கண்ணைத் தொறந்துதான் வச்சிருந்தேன். பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டாரு." அவர் மேசையிலிருந்த தண்ணீரை விரலால் வழித்தார். "அப்புறம் போயிட்டாரு."

இடித்தது தெரியாமல் போனான், பயந்து ஓடினான் என்றால்கூட எப்படியாவது விழுங்கியிருப்பாள். டார்ச் அடித்து, யாரென்று பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"ஆஸ்பத்திரியில நெனவு வந்து பாத்தேன். நீ அவரு தோள்ல சாஞ்சு தூங்கிட்டிருந்த. உனக்கு இருந்தது அந்தத் தோள் ஒண்ணுதான். அதையும் எப்படிப் பிடுங்கறதுன்னு விட்டுட்டேன். அப்புறம் சொல்ல வாயே வரல."

அவளுக்கு அழுகை வரவில்லை. அவர்மேல் கோபம் வந்தது, அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் வண்டிக்குப் போனாள். பிளாஸ்டிக்கை அளந்து வெட்டினாள். சக்கரத்தை மாட்டி நட்டுகளை முறுக்கினாள். பிறகு அந்த ரப்பர் துண்டை எடுத்து, முன் இடது சக்கரத்துக்குப் பின்னால், ஒட்டு வெளியே தெரியும்படி வைத்து ரிவெட் அடித்தாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். உயர்ந்து நின்ற வண்டியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. சுற்றிச் சுற்றி வந்து டயர்களைத் தட்டிப் பார்த்தான். "சும்மா ராஜா மாதிரி நிக்குது பாப்பா" என்றவன், இடது பக்கம் வந்ததும் குனிந்தான்.

"இதென்ன, ஒரு பக்கம் மட்டும் ஃப்ளாப் மாட்டி..."

கையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். மெல்ல நிமிர்ந்து முதலில் மாப்பிள்ளையைப் பார்த்தான். அப்புறம்தான் தங்கையைப் பார்த்தான்.

"எறங்கிப் பாத்தியாமே" என்றாள் அவள்.

"பாப்பா, இருட்டு, மழை வேற. யாருன்னே..."

"பேர் சொல்லிக் கூப்பிட்டியாமே."

அவள் சாவியை நீட்டினாள்.

"பாரம் ஏத்தி ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாத்துட்டேன். எங்கயும் உரசாது. எடுத்துட்டுப் போ. இனி இந்த வாசலுக்கு வராத."

அவன் கதவைத் திறந்தான். வண்டி காலையில் இருந்ததைவிட உயரமாகியிருந்தது. படியில் வைத்த கால் நழுவியது. மறுபடி வைத்தான், மறுபடியும் நழுவியது. கதவைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்க முடியாமல் நின்றான். மேசையருகே ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. புருஷன் எழுந்து, மச்சானுக்குக் கை கொடுக்க ஓர் எட்டு எடுத்து வைத்திருந்தார்.

"நீங்க உக்காருங்க" என்றாள் அவள். "அவனுக்கு ரெண்டு கால் இருக்கு."