சுவரில்லாத ‘மூன்று நாரை’

ஹால்டன்பிரிட்ஜ் நகராட்சி 1967 மார்ச்சில் புறவழிச்சாலை போட ‘மூன்று நாரை’ பப்பின் சுவர்களை இடித்துத் தள்ளியபோது, உள்ளே இருந்தவை விழவில்லை. விக்டோரியா ராணி காலத்து, பியர் ஊற்றித் தரும் மகோகனி மேடை, பூவேலைக் கண்ணாடிகள், பச்சை ஓடுகள், புகையேறிப் பழுத்த உட்கூரை எல்லாம் போட்டது போட்டபடி நின்றன. மாடியும் கூரையும் போயின. யார்க்‌ஷயரில் அந்த வருடம் மழைக்குப் பஞ்சமில்லை. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

கடையை நடத்திய விதவை ஹில்டா ஆக்ராய்டு அப்போது மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. பதினோராவது மாடியில் வீடு தருவதாக நகராட்சி சொல்லியிருந்தது. அங்கே யாருக்கு பியர் ஊற்றுவது என்று கேட்டாள். அவள் வெளியேறவில்லை. தூசி அடங்கியதும் சுற்றிப் பார்த்தாள். கடை திறக்கும் நேரமாகியிருந்ததால், நிலையோடு தனியே நின்ற தெருக்கதவைத் திறந்து வைத்தாள்.

முதலில் வந்தவர் டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற வில்ஃப்.

“ஹில்டா, சுவர் எங்க?”

“எடுத்துட்டுப் போயிட்டாங்க. வழக்கமானதுதானே?”

“அதேதான். காத்தாவது வரும்னு பாத்தேன், அதுவும் இல்ல.”

முன்னேற்றக் குழுத் தலைவர் கவுன்சிலர் ஸ்டான்லி ஹெப்வொர்த் கிரேனில் தொங்கிய இடிப்புக் குண்டை மறுபடி வீசச் சொன்னார். குண்டு சுவர் இருந்த இடம் வரை வந்து, வீடு தவறி வந்த விருந்தாளியைப் போலத் தயங்கித் திரும்பிப் போனது. கோபத்தில் அவரே நேராக நடந்து வந்து, ஒன்றுமில்லாததில் மூக்கை இடித்துக்கொண்டார்.

“கதவுன்னு ஒண்ணு எதுக்குங்க இருக்கு, கவுன்சிலரே?” என்றாள் ஹில்டா.

கதவு வழியாக வந்தவருக்கு ஈரத்துணியும் அரை பைன்ட் பியரும் கொடுத்தாள்.

“இது சட்டவிரோதம்மா.”

“எதுங்க?”

“சுவரில்லாம உட்கூரை நிக்கிறது.”

“அப்ப சுவரைக் கொண்டாந்து வைங்க.”

அவர் யோசித்தார். யோசிக்க இன்னொரு அரை பைன்ட் தேவைப்பட்டது.

புறவழிச்சாலை பப்பைச் சுற்றி வளைந்து போனது. நகராட்சி கட்டிய மாடி வீடுகள் பதினைந்தே வருடத்தில் ஒழுகிப் பிளந்து, உள்ளும் புறமும் ஒன்றாக இடிக்கப்பட்டன. அவற்றில் எதுவும் அந்தரத்தில் நிற்க முன்வரவில்லை. பிறகு பழமைக்கு மவுசு வந்தது. மேயராகிவிட்ட ஹெப்வொர்த், கழுத்தில் பதவிச் சங்கிலியோடு வந்து, இந்த அரிய உள்ளலங்காரத்தைக் காக்கத் தான் பட்ட பாட்டை விவரித்தார். வில்ஃப் பலமாகக் கைதட்டினார். அவருக்கு அப்போது காது கேட்காது. தலை நரைத்த ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. கடை இனி அவளுடையதுதான், யாரும் தொட முடியாது என்பதையும் அந்தப் பேச்சில்தான் சொன்னார்.

பித்தளை நினைவுப் பலகையோடு வந்த தொழிலாளி விழித்தான். மேயர் குரலைத் தாழ்த்தினார். “ஹில்டாம்மா, இதை எங்க அடிக்கிறது?”

“சுவர்லதான்.”

அவன் கதவுக்குப் பக்கத்தில், காற்றில் ஆணியை வைத்து அடித்தான். பிடித்துக்கொண்டது. ஹில்டா இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

“சாஞ்சிருக்கு தம்பி. இடப்பக்கம் ஒரு விரல் தூக்கு.”

தூக்கி அடித்தான்.