கீறல் இல்லாமல் திரும்பி வந்த நாணயம்

என் கடையில் குறையை மறைத்து எதையும் விற்றதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இணையத்தில் ஒரு விற்பனைத் தளத்தில் கடை போட்டுப் பழைய நாணயம் விற்பது என் தொழில். நாணயத்தைத் தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பினால், அவர்கள் சோதித்து, மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பிரிக்க முடியாதபடி ஒட்டித் தருவார்கள். அந்த உறையை நாங்கள் ஹோல்டர் என்போம். மற்ற கடைக்காரர்கள் உள்ளே இருக்கும் நாணயத்தை மட்டும் படம் பிடிப்பார்கள். நான் மேஜை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, ஹோல்டரைச் சாய்த்து, அதில் உள்ள ஒவ்வொரு கீறலையும் படம் பிடித்துக் கீழே எழுதியும் வைப்பேன். "இப்படி எழுதினா யாரு வாங்குவாங்க?" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் கேட்டார். ஆறு வருஷமாக வாங்குகிறார்கள்.

அப்பேர்ப்பட்ட எனக்கு ஒரு திங்கட்கிழமை காலை புகார் வந்தது: "பொருள் மாறிவிட்டது."

கொடுத்தவர் ஒரு பல் மருத்துவர். என்னிடம் ஏற்கெனவே மூன்று நாணயம் வாங்கியவர். நான்காவதாக வாங்கியது கப்பல் படம் போட்ட வெள்ளி நாணயம். அவர் எழுதியிருந்தார்: "உங்கள் படத்தில் ஹோல்டரின் முன்பக்கம், பாய்மரத்துக்கு மேலே நீளமாக ஒரு கீறல் இருந்தது. நீங்களும் எழுதியிருந்தீர்கள். எனக்கு வந்ததில் கீறலே இல்லை. ஹோல்டருக்குள் நிறுவனம் வைத்த சீட்டில் உள்ள எண் சரியாக இருக்கிறது. ஆனால் போலி செய்கிறவர்கள் எண்ணை அச்சடித்துவிடுவார்கள், கீறலை அச்சடிக்க மாட்டார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன்."

மனைவி திட்டினாள் என்று திருப்பியவர் உண்டு. தூக்கத்தில் வாங்கிவிட்டேன் என்று திருப்பியவர் உண்டு. கீறல் இல்லை என்று திருப்பியவர் இவர் ஒருவர்தான். விழுந்து விழுந்து சிரித்திருப்பேன், கீழே விற்பனைத் தளத்துக்காரர்கள் சேர்த்திருந்த வரி மட்டும் இல்லாவிட்டால். அனுப்பியது அதே நாணயம்தான் என்று செவ்வாய் பகல் பன்னிரண்டு மணிக்குள் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் என் கடையை நிரந்தரமாக மூடிவிடுவார்கள். தாமதம், உடைசல் என்றால் எச்சரிக்கையோடு விடுவார்கள். போலியை மாற்றிக் கொடுத்தாள் என்றால் நேராகப் பூட்டுதான்.

கொஞ்ச நேரத்தில் பார்சலும் வந்தது. பிரித்து விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். முன்பக்கம் சும்மா வழவழவென்று இருந்தது. திரும்பினால் பின்னால் என் நாத்தனார் நிற்கிறாள்.

அவள் வேலை பார்த்த அச்சகம் மூடியதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். பார்சல் கட்டுவது அவள் பொறுப்பு. வீட்டில் அவளுக்குப் பேர் பளிச்சு. எதைக் கண்டாலும் துடைப்பாள், தேய்ப்பாள். ஒட்டாத தோசைக்கல் என்று நான் ஆசையாக வாங்கியதைத் தேய்த்துத் தேய்த்து ஒட்டுகிற தோசைக்கல்லாக்கிய புண்ணியவதி.

"என்ன பண்ணின?" என்றேன்.

"தேச்சேன், அண்ணி."

"எதை வெச்சு?"

"பேஸ்ட்."

"பல்லு தேய்க்கிற பேஸ்ட்டா?"

"வெள்ளை பேஸ்ட்தான். மெல்லிசு துணியில தொட்டு, பொறுமையா ஒரு மணி நேரம். நம்மகிட்ட நாலாவது தடவையா வாங்குறாரு, பாவம், கீறலோட போகுதேன்னு..."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "அந்தக் கீறல்தானே அதுக்கு அடையாளம்! படத்துல இருக்கிறதை அழிச்சிட்டு எதைக் காட்டி நான் நிரூபிக்கிறது? ஆறு வருஷக் கடை போச்சு, உன்னாலதான் போச்சு!" என்று கத்தினேன். அவள் அழவில்லை. துணியை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாப்பிட வந்த வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு யோசனை சொன்னார். "வெளிச்சம் வேற பக்கம் பட்டிருக்கும், அதான் கீறல் தெரியலைன்னு எழுதிடு. யாரு கண்டா?"

"பல் டாக்டர் கண்டாரு. கடுகளவு சொத்தையைத் தேடிப் பழகின கண்ணு. அவருகிட்ட முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களா?"

பொய் எழுத மாட்டேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உண்மையை எழுதினாலும் யார் நம்புவார்கள்? பேஸ்ட் போட்டுத் தேய்த்தோம் என்று போலி விற்பவனும்தான் சொல்வான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா? கோபப்படாதீங்க," என்றாள் பளிச்சு.

"அதெல்லாம் பட்டு முடிச்சாச்சு. சொல்லு."

"கீறல் போயிடுச்சு. ஆனா கப்பலுக்குக் கீழ, ஓரமா ஒரு வெள்ளை நாரு மாதிரி இருக்கு. அது மட்டும் எவ்வளவு தேச்சும் போகல. கடைசி அரை மணி நேரம் அதோடதான் சண்டை."

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. கண் இமையை விடச் சின்ன நார், கொக்கி போல வளைந்து, பிளாஸ்டிக்குக்கு உள்ளே. ஒட்டும்போதே சிக்கிக்கொண்டது. உள்ளே இருப்பதை வெளியே தேய்த்தால் எப்படிப் போகும்? கணினியில் என் பழைய படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். அதே இடம், அதே வளைவு. "மாட்டிச்சு!" என்று கூவினேன். வீட்டுக்காரருக்குப் புரையேறியது.

அடுத்த நொடி என் குரல் இறங்கிப்போனது. அந்த நாரைப் பற்றி நான் எழுதியிருக்கவில்லை. என் படத்திலேயே இருந்த குறையை நான் பார்க்கவே இல்லை. கடையைக் காப்பாற்ற வேண்டுமென்றால், இந்தக் கண்ணும் தவறும் என்று என் கையாலேயே எழுத வேண்டும்.

எழுதினேன். "எங்கள் தவறு இரண்டு. கீறலைப் பற்பசையால் தேய்த்து எடுத்துவிட்டோம். உங்களிடம் சொல்லவில்லை. இரண்டாவது, ஹோல்டருக்குள் ஒரு நார் இருக்கிறது. பழைய படத்தையும் இன்று எடுத்த படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒட்டிய ஹோல்டருக்குள் ஒரு நாரை இப்படி வளைத்து வைக்க யாராலும் முடியாது. அதை நான் கவனிக்காமல் விட்டேன். நாணயம் வேண்டாம் என்றால் உங்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது."

பளிச்சு தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள். "தேய்த்துவிட்டோம்னு இருக்கே. தேச்சது நான் மட்டும்தானே, அண்ணி?"

"கடை ஒண்ணுதானே," என்றேன்.

நான்கு மணிக்குப் பதில் வந்தது. "பார்த்தேன். அதே நாணயம்தான். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நாணயத்தை எனக்கே அனுப்புங்கள். பற்பசையைப் பல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீறல் இல்லாததை மட்டும் வைத்து நான் புகார் கொடுக்கவில்லை. பிரித்த அன்றே அந்த நார் என் கண்ணில் பட்டது. நீங்கள் எழுதாமல் ஒரு குறை இருக்காது என்று நம்பியதால், உங்கள் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. வேறு நாணயம் என்றே முடிவு கட்டிவிட்டேன்."

கடை பிழைத்தது. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். கடைசி வரிகளை மறுபடி படித்தேன், முகம் சுட்டது. உன்னாலதான் போச்சு என்று காலையில் கத்தியது காதில் கேட்டது. அந்த வரிகளைப் படிக்காமல் விட்டுவிட்டு நல்ல செய்தியை மட்டும் அவளிடம் சொல்லியிருக்கலாம். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சத்தமாக முழுதும் படித்தேன்.

"அப்போ பாதி உங்களாலயா, அண்ணி?"

"பாதிக்கு மேல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அடுத்து விற்க வேண்டிய நாணயம் மேஜையில் இருந்தது. அதில் இரண்டு கீறல் என்று காலையிலேயே எழுதி முடித்திருந்தேன். அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு லென்ஸைக் கொடுத்தேன். விளக்கடியில் ஹோல்டரை இப்படியும் அப்படியும் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

"மூணு," என்றாள்.

இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன்.