அண்ணனைத் தோளில் தூக்கினார்கள்

1

இந்தக் கதை எனக்குத் தாம்பூலப் பையில் கிடைத்தது. கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாணம். பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, அடியில், காலமான முன்னாள் அமைச்சர் பகலவனாரின் முந்நூறு பக்க வாழ்க்கை வரலாறு. எழுதியவர் தமிழழகன், அவரிடம் இருபத்தேழு வருடம் உதவியாளராக* இருந்தவர். தேங்காயைச் சட்னிக்குக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு படம். கல்வராயன் மலைப் பாதையில், இரண்டு மூங்கிலில் கட்டிய நாற்காலியில் பகலவனார், கட்சிக்காரர்களுக்கு ‘அண்ணன்’. நான்கு பேர் தோளில். கீழே ஒரு வரி: ‘மலைமக்கள் அண்ணனைத் தோளில் தூக்கினார்கள்.’ அண்ணனின் கணுக்காலில் துண்டு ஒன்று இறுகக் கட்டியிருந்தது. தோளில் தூக்கிக் கொண்டாடுகிறவருக்குக் காலில் எதற்குக் கட்டு?

(மற்றதெல்லாம் என் கற்பனை. தாம்பூலப் பையும்தான்.)

* அண்ணன் போன இடமெல்லாம் போனவர். அண்ணன் பேசியதையெல்லாம் எழுதிக் கொடுத்தவர்.

2

‘மேகத்தைப் போர்த்திக்கொண்டு மலை…’ வேண்டாம். நம் கதைகளில் எந்த மலைதான் போர்த்திக்கொள்ளாமல் இருந்திருக்கிறது?

‘தமிழழகன் நல்லவர்…’ இதுவும் வேண்டாம். எழுதும்போதே பேனா தயங்கியது.

சரி, இப்படி: புத்தகம் அச்சேறுவதற்கு முந்தின நாள், தமிழழகன் கள்ளக்குறிச்சியில் அச்சகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கடைசியாகப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அவர் எழுதிய வரலாற்றில் அண்ணன் ஒருமுறைகூடத் தும்மவில்லை. கடைசி அத்தியாயத்தில்கூட அண்ணன் தோற்கவில்லை, மருத்துவம்தான் தோற்றது. அந்த வரியைத் திரும்பப் படித்தபோது தமிழழகனுக்கே கண் கலங்கியது.

3

மேல்தும்பையிலிருந்து சடையன் வந்தார். (ஊர்ப் பெயர் நான் வைத்தது.) படத்தில் முன்பக்கத்து மூங்கிலைத் தாங்குகிறவர் அவர். வெளியீட்டு விழா மேடையில் அவரை உட்கார வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று தமிழழகனே வரச் சொல்லியிருந்தார். படத்துக்குக் கீழே இருந்த வரியை அவருக்குக் குரலை உயர்த்திப் படித்துக் காட்டினார்.

“ஆமாங்க சார், தூக்கினோம்” என்றார் சடையன். “கனம் ஜாஸ்தி. ஓடைகிட்ட வழுக்கி வுழுந்துட்டாரு, காலு வீங்கிப்போச்சு. ரோடு இல்லாத ஊர்ல வேற இன்னா பண்றது? தூக்கிக்கினுதான் வரணும்.”

தமிழழகனின் தமிழில் தூக்குவது தலைவர்களை. சடையனின் ஊரில் தூக்குவது நோயாளியை, பிள்ளைத்தாய்ச்சியை, பிணத்தை. இருபத்தேழு வருடமாக எழுத்தோடு புழங்கியவருக்கு இது அன்றைக்குத்தான் உறைத்தது.

“எதுக்குத் தூக்கினோம்னும் ஒரு வார்த்த எழுதிடுங்க சார். ரோடு இல்லன்னு. மனு குடுத்தா, ரோடு போட்டாச்சுன்னு பதில் வருது. எம் பொண்ணு சந்தியாவுக்கு ஏழு மாசம். மழ வேற வரப் போவுது. போன மழையில வலி வந்த ராணியம்மாள இப்படித்தான் தூக்கிக்கினு வந்தோம், பாதி வழியில…”

(இந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.)

ரோடு போட்டாச்சு என்று எழுதியது யார்? தமிழழகன்தான். அன்றைக்கு நாற்காலியில் ஆடிக்கொண்டே அண்ணன், “மூணு மாசத்துல ரோடு வந்துடும்” என்றார். மூன்று மாதம் கழித்துச் சாதனைப் பட்டியலில் ‘அமைக்கப்படும்’ என்பதை அடித்துவிட்டு ‘அமைக்கப்பட்டது’ என்று தமிழழகன் எழுதினார். ஜல்லி, தார், ஆள் எதுவும் தேவைப்படவில்லை. வேலை அத்தோடு முடிந்தது.

4

இங்கே ஒரு சிக்கல். தமிழழகனை நன்றாகக் கிண்டல் செய்து முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், மாட்டுகிறார், மறுபடி துடைக்கிறார். பாவமாக இருக்கிறது. கோபமும் போகவில்லை.

“புத்தகத்துல கை வைக்க முடியாது சடையா. அண்ணன் பையன் தேர்தல்ல நிக்கிறாரு. ஒரு வார்த்தை மாறினாலும் என்னை வாசல்ல சேக்க மாட்டாங்க.”

“புத்தகம் கிடக்கட்டும் சார்.” சடையன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த வெள்ளைத்தாளை எடுத்துப் பிரித்தார். “ரோடு இல்லாததால தூக்கினாங்கன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மனுவோட வெச்சிக் குடுக்கறோம். நாங்க சொன்னா எவன் கேக்கறான்? நீங்க கூடவே இருந்தவரு.”

5

முதல் முடிவு: தமிழழகன் எழுதுகிறார், கையெழுத்துப் போடுகிறார். படித்துவிட்டு நானே கைதட்டிக்கொண்டேன். பிறகு கிழித்தேன். இருபத்தேழு வருடத்தில் அவர் தன் பெயரில் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை.

இரண்டாவது முடிவு: “நாளைக்கு வா, பாக்கலாம்.” இதற்கு நான் ஒன்றும் மெனக்கெடவில்லை. அவர் வாயில் தானாகவே வந்து நின்றது. இதுதான் நடந்திருக்கும். ஆனால் இதை எழுதினால் நானும் அவருக்கு இன்னொரு உதவியாளன்.

மூன்றாவது, மழைக்காலம், சந்தியா, ஓடை… இல்லை. அதை எழுத மாட்டேன்.

ஆக, அச்சகத்தில் சாயங்காலம் நாலு மணி. மலையடிவாரத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருக்கிறது. தமிழழகன் கையில் பேனா. சடையன் தாளை நீட்டியபடி நிற்கிறார். அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள், எதை வேண்டுமானாலும். ‘நாளைக்கு வா’ என்றுதான் எழுதப் போகிறீர்கள் என்றால், சடையன் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லிவிடுங்கள்.