கேப்பு ஒயரில் கட்டிய பை

1985ஆம் வருஷம் ஜூலை பத்தாம் தேதி, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருச்செங்கோட்டு ரிக் ஆபீசிலிருந்து ஆள் வந்து விஷயத்தைச் சொன்னான். என் தங்கை கண்ணாத்தாளின் வீட்டுக்காரர் மயில்சாமி, ராஜஸ்தானில் ஒரு ஊரில் ரிக் வண்டியில் போர்க்கிணறு போட்டுக்கொண்டிருந்தபோது இரும்புப் பைப் சரிந்து வலது காலில் விழுந்துவிட்டது. விழுந்தது ஞாயிற்றுக்கிழமை. டில்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே அழுக ஆரம்பித்துவிட்டது, காலை எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மயில்சாமி காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம். காலில்லாமல் ரிக்கில் நிற்க முடியாது, ரிக்கில் நிற்காவிட்டால் நான் எதற்கு என்று கேட்கிறாராம்.

ரயிலில் போனால் சனிக்கிழமை ஆகிவிடும். ரிக் முதலாளி சேலத்துக்கு ஆளை அனுப்பி, வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு மீனம்பாக்கத்திலிருந்து போகிற டில்லி விமானத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். ஒன்று கண்ணாத்தாளுக்கு, ஒன்று எனக்கு. நான் எதற்கு என்றால், மயில்சாமி இந்த உலகத்தில் ஒருத்தர் பேச்சைக் கேட்பார் என்றால் அது என் பேச்சுதான். பதினாறு வயதில் என்னிடம் கிணற்று வேலைக்கு வந்தவர். பாறையை எப்படிப் பார்ப்பது என்று என்னிடம் தெரிந்துகொண்டுதான் ரிக்குக்குப் போனார். நான் சொன்னால் கையெழுத்துப் போடுவார். கண்ணாத்தாள் சொன்னால் அவள் அழுவாள், அவரும் அழுவார், வெள்ளிக்கிழமை போய்விடும்.

நான் கிணற்றுக்கு வெடி வைக்கிறவன். லைசன்ஸ் இருக்கிறது. பாறையில் குழி அடித்து மருந்தை இறக்கி அதற்குள் கேப்பு வைப்போம். மருந்தைக் கிளப்பிவிடுகிற சுண்டுவிரல் அளவு அலுமினியக் குழாய்தான் கேப்பு. அதிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு ஒயர் வரும். வெடித்த பிறகு கேப்பு இருக்காது, ஒயர் மட்டும் கல்லோடு கல்லாகக் கிடக்கும். எங்கள் பக்கம் அதை யாரும் விட்டுவிட்டு வர மாட்டார்கள். சுருட்டி எடுத்து வந்து துணி காயப்போடக் கொடி கட்டுவோம், கட்டில் காலைச் சுற்றுவோம், பந்தலில் பீர்க்கங்கொடியை இழுத்துக் கட்டுவோம். எங்கள் வீட்டில் கயிறு என்று விலைக்கு வாங்கி எத்தனையோ வருஷம் ஆகிறது.

புறப்படும்போது பையைக் கட்டியது என் மனைவி சௌந்திரம். காக்கிப் பை, ஜிப்பு போய்விட்டது. மயில்சாமிக்கு இரண்டு வேட்டி, கம்பு மாவு ஒரு படி, எலுமிச்சங்காய் ஊறுகாய், மலைக்கோயில் திருநீறு ஒரு பொட்டலம் எல்லாம் வைத்து, வாயை இழுத்து, குறுக்கும் நெடுக்கும் ஒயரைச் சுற்றி முறுக்கிவிட்டாள். நன்றாகத்தான் கட்டியிருந்தாள். நானும் தூக்கிப் பார்த்து, சரி என்றேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மீனம்பாக்கத்தில் இருந்தோம். இரண்டு பேரும் சரியாகத் தூங்கவில்லை. வாசலிலேயே வரிசை. உள்ளே போனால் இன்னொரு வரிசை. போன வருஷம் ஆகஸ்டில் இதே இடத்தில் குண்டு வெடித்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். போன மாதம்தான் ஒரு விமானம் கடலில் விழுந்து முந்நூறு பேருக்கு மேல் போனார்கள். பேப்பரில் நானும் படித்தவன்தான். அதனால் வரிசையில் நின்ற யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரு பெரியவர் தன் டிரான்சிஸ்டரில் இருந்து பேட்டரியைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, தப்புச் செய்தவர் மாதிரி நின்றார். பெட்டியைத் திறக்கச் சொன்னால் எல்லாரும் திறந்தார்கள். மூடச் சொன்னால் மூடினார்கள்.

கண்ணாத்தாளை ஒரு பெண் போலீஸ் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சோதித்து அனுப்பினாள். என் பை மேசைக்கு வந்தது. அங்கிருந்த காவலர் பையைத் தொடவில்லை. குனிந்து ஒயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என்ன ஒயர்?"

"கேப்பு ஒயருங்க" என்றேன்.

"என்ன கேப்பு?"

"வெடி கேப்புங்க. பாறைக்கு வெக்கறதுங்க."

எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். யாரும் கத்தவில்லை. இடம் மட்டும் காலியாகிவிட்டது. அப்போதுதான் எந்த இடத்தில் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஊரில் யார் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

எங்கள் இருவரையும் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். பையை வெளியே வேறெங்கோ எடுத்துப்போய், அரை மணி கழித்து ஒரு சப்-இன்ஸ்பெக்டர் கொண்டுவந்தார். மாவை வெள்ளைத் துணியில் கொட்டிச் சலித்திருந்தார்கள். ஊறுகாய் ஜாடிக்குள் கம்பி விட்டுப் பார்த்திருந்தார்கள். ஒயரை மட்டும் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார். எந்த ஊர், என்ன தொழில், யாரைப் பார்க்கப் போகிறோம், டிக்கெட்டுக்குப் பணம் யாருடையது என்று வரிசையாகக் கேட்டார். நானும் வரிசையாகச் சொன்னேன். லைசன்ஸை எடுத்துக் காட்டினால் நம்புவார் என்று காட்டினேன். அதை இரண்டு பக்கமும் படித்துவிட்டு என் கையை நீட்டச் சொன்னார். மருந்து ஊறி ஊறி என் விரல் நுனியெல்லாம் மஞ்சள். அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. கண் சிவந்து, சட்டைக் காலர் அழுக்கேறி, முந்தாநாள் வந்த டூட்டி இன்னும் முடியாதவர் மாதிரி இருந்தார். ஊர் ஸ்டேஷனுக்கு டிரங்க் கால் போட்டிருப்பதாகவும், அவர்கள் என் வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிற வரைக்கும் என்னை விட முடியாது என்றும் சொன்னார். எத்தனை நேரமாகும் என்று கேட்டேன். தெரியாது என்றார். அப்போது மணி பத்து ஐம்பது. அதற்கப்புறம் அன்றைக்கு எங்களுக்கு வேறு விமானத்தில் இடமில்லை.

நான் எழுந்து நின்றேன். என் தங்கையையாவது அனுப்பிவிடுங்கள், அவளைச் சோதித்தாயிற்று, பையும் வேண்டாம், நானும் வேண்டாம் என்றேன். அங்கே காலில் அழுகல் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாத்தாளைப் பார்த்து, அந்தம்மா தனியாகப் போவார்களா என்று கேட்டார்.

கண்ணாத்தாள் அதுவரைக்கும் சுவரோரம் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்தாள். சேலத்தைத் தாண்டி அவள் வந்ததே நேற்றைக்குத்தான்.

"நீங்க இல்லாம நா எப்புடீங்ணா போவேன்?"

"அங்க எறங்குனா ரிக் மேனேஜரு உன் பேரை எளுதி அட்டை புடிச்சுட்டு நிப்பாரு. அவரு கூடப் போயிரு."

"போயிருவனுங்ணா. போயி நா என்னன்னு சொல்லுவேன்? நீங்க சொன்னாத்தான அவரு கேப்பாரு."

"அளுவாத. காலு போனாப் போச்சு, ஊட்டுக்கு வாங்கன்னு மட்டும் சொல்லு. போ சாமி."

அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். மேசையில் பரத்தி வைத்திருந்ததை எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, திருநீறையாவது எடுத்துக்கொள்ளலாமா என்று சப்-இன்ஸ்பெக்டரைக் கேட்டாள். அவர் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்து, மறுபடி மடித்து அவள் கையில் கொடுத்தார். பெண் போலீஸோடு போனாள். கதவு வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். நான் கையை ஆட்டி, போ என்றேன்.

பதினொன்றரை மணிக்குப் பிறகு ஒரு பெரிய சத்தம் எழும்பி அடங்கியது. அவள் ஏறின விமானமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நேரம் நகரவில்லை. பன்னிரண்டரைக்கு ஒரு டீ கொடுத்தார்கள். இரண்டு மணிக்குப் பெயரையும் அப்பா பெயரையும் வேறு ஒருவர் வந்து மறுபடி எழுதிக்கொண்டு போனார். சப்-இன்ஸ்பெக்டர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஒருமுறை அவராகவே பேசினார்.

"போன வருஷம் அன்னைக்கு எனக்கு இங்கதான் டூட்டி. விடிய விடிய ஜனங்களோட செருப்பைப் பொறுக்கினோம். நீ நல்ல மனுஷனாவே இருக்கலாம். எனக்கு அந்த ஒயரைப் பார்த்துட்டுச் சும்மா விட முடியாது."

"தப்பு உங்க மேல இல்லீங்க" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. சௌந்திரத்தின் மேலும் இல்லை. யார் மேல் என்று யோசிக்க அப்போது தெம்பும் இல்லை.

நாலே முக்காலுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. எங்கள் ஸ்டேஷன் ஏட்டையா போய் வீட்டைப் பார்த்திருக்கிறார். கொடி, கட்டில், பந்தல் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, இதற்காகப் பிடிப்பதென்றால் தாலுகா முழுக்கப் பிடிக்க வேண்டும், தன் வீட்டில் ஆட்டையே இதில்தான் கட்டியிருக்கிறது என்று சொன்னாராம். சப்-இன்ஸ்பெக்டர் அதை என்னிடம் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு லைசன்ஸைக் கொடுத்தார். ஒயரைக் கொடுக்கவில்லை. மாவும் ஊறுகாயும் இருந்த பையை, வாய் பிளந்தபடி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை காலை திருச்செங்கோட்டில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் ரிக் ஆபீசிலேயே உட்கார்ந்தேன். டில்லிக்குப் போட்ட கால் கிடைக்கவில்லை. பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி. இந்நேரம் டாக்டர் சொன்ன கெடு முடிந்துகொண்டிருக்கும் என்று அந்த ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். மூணு பத்துக்கு மேனேஜரே அங்கிருந்து கூப்பிட்டார்.

முதல் நாள் மாலையே கையெழுத்துப் போட்டாயிற்று, காலையில் காலை எடுத்துவிட்டார்கள், ஆள் கண் விழித்துவிட்டார் என்றார். அவ்வளவு சீக்கிரமாகவா கையெழுத்துப் போட்டார் என்று கேட்டேன். மேனேஜர் நடந்ததைச் சொன்னார். கண்ணாத்தாள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றதும், மயில்சாமி முதலில் கேட்டது மச்சான் எங்கே என்றுதான். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பதில் சொன்னாளாம்.

"அண்ணனை ஏரோப்ளேன்காரங்க புடிச்சு வெச்சுட்டாங்க. நீங்க ஆபரேசனுக்குக் கையெளுத்துப் போட்டதுக்குச் சீட்டுக் காட்டுனாத்தான், நாங்க நெசமாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தோமுன்னு நம்பி அவரை உடுவாங்களாமா."

மயில்சாமி வேறு எதுவும் கேட்காமல் பேனாவை வாங்கினாராம்.

ஒரு மாதம் கழித்து இரண்டு பேரும் ரயிலில் வந்தார்கள். சேலம் ஜங்ஷனில் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினேன். பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கண்ணாத்தாள் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். நான் மெதுவாக, என்னை அன்றைக்கே சாயங்காலம் விட்டுவிட்டார்கள் மாப்பிள்ளை, சீட்டுக்காகவெல்லாம் வைக்கவில்லை என்றேன்.

"தெரியுமுங்க மச்சான். அவ சொல்லும்போதே தெரியும்." ஊன்றுகோலைத் தடவிக்கொண்டு இருந்தார். "என்னைக் காப்பாத்திக்கறதுக்குன்னு சொன்னா எனக்குக் கை வரலீங்க. உங்களுக்குன்னதும் வந்துருச்சு."

அவள் தண்ணீரோடு வந்தாள். ஊன்றுகோலின் மேல்பக்கம் அக்குளை உறுத்துகிறது என்று பழைய துணியைச் சுற்றி வைத்திருந்தாள், அது அவிழ்ந்து தொங்கியது. ஊட்டுக்குப் போனதும் அண்ணி ஒயரில் இறுக்கிக் கட்டிவிடுவார்கள் என்றாள்.

சௌந்திரம் அப்படித்தான் கட்டினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேறு எதில் கட்டுவது என்று எனக்கும் தோன்றவில்லை.