ஒரு வரிசை குறைந்த போர்வை

கலைமதி ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கொரோனாவுக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிப்போட்ட கோடையில், யூடியூப் பார்த்து ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைக்கத் தொடங்கினாள். பழைய சேலைகள், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் தையல்காரர் மூட்டையாகக் கொடுத்த வெட்டுத்துணி எல்லாவற்றையும் ஒன்பது அங்குலச் சதுரங்களாக வெட்டினாள். அகலத்துக்கு எட்டு, நீளத்துக்குப் பத்து. எட்டொன்பது எழுபத்திரண்டு, ஆறடி. இரட்டைக் கட்டிலுக்குச் சரியாக இருக்கும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள்.

ஆறு வரிசை முடிந்ததும் கட்டிலில் விரித்துப் பார்த்தாள். அகலம் ஐந்தடி நாலு அங்குலம்தான் இருந்தது. துணியோடு துணி சேர்த்துத் தைக்கும்போது ஒவ்வொரு ஓரத்திலும் அரை அங்குலம் தையலுக்குள் போய்விடும் என்பது அவள் கணக்கில் விட்டுப்போயிருந்தது.

அன்றைக்குப் பார்த்து அவளுடைய தாய்மாமன் அய்யாக்கண்ணு பலாப்பழத்தோடு வந்திருந்தார். முப்பது வருடம் புதுக்கோட்டை–மீமிசல் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மீன் கூடையோடு ஏறுகிறவர்களிடம் வாய் கொடுத்தே அரைவாசி சர்வீஸைக் கழித்தவர். கட்டிலின் இரண்டு பக்கமும் போய் நின்று பார்த்தார்.

"எம்எஸ்சி மேத்ஸ் படிச்ச புள்ள. எட்டு இஞ்ச் எங்கிட்டுப் போச்சுத்தா?"

"தையல்ல போயிருச்சு மாமா."

"அப்ப புள்ளைகளுக்கு மார்க் குறைஞ்சாலும் தையல்ல போயிருச்சுன்னு சொல்லிருவியா?"

கலைமதியும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஊசியைத் தொட மனம் வரவில்லை. நாற்பத்தெட்டுச் சதுரத்தையும் மடித்து, மாமா மகன் ரகுநாத் சார்ஜாவிலிருந்து கொண்டுவந்த பெரிய பை ஒன்றில் வைத்து, பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டாள். லீவில் முடித்துவிடலாம் என்று ஒவ்வொரு லீவுக்கும் நினைத்தாள். பள்ளிக்கூடம் திறந்தது, தேர்தல் வேலை வந்தது, பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு வந்தது. பை மட்டும் இறங்கவில்லை.

அய்யாக்கண்ணு அந்தப் போர்வையை மறக்கவே இல்லை. பொங்கலுக்கு வந்தாலும் கேட்பார், காதுகுத்துக்குப் போன இடத்திலும் கேட்பார்.

"ஒன் வண்டி இப்ப எங்க நிக்கிது?"

"அங்கயேதான் மாமா."

"டீ குடிக்கப் போன டிரைவர் இன்னும் வரல போல."

நாலு வருடம் இப்படியே போனது.

போன தை மாதம் அவருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். புதன்கிழமை அவர் மனைவி அழகம்மாள் கூடப் போவாள். அவளுக்கு மூட்டுவலி, இரண்டு நாளும் பஸ் ஏறி இறங்க முடியாது. ரகுநாத் சார்ஜாவில் இருந்தான். அதனால் சனிக்கிழமை கலைமதியின் முறை ஆனது.

முதல் சனிக்கிழமை அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு இயந்திரம். மாமாவின் இடது கையில் இரண்டு ஊசி. ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வந்தது. நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது, மூடவும் கூடாது. ஊசி நழுவினால் உடனே தெரியவேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். அய்யாக்கண்ணு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம் எந்த ஊர், எந்த பஸ் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஏசி அதிகமா என்று கேட்டதற்கு, "காசு குடுத்து ஏசி பஸ்ல போறான். எனக்கு ஓசியில கெடைக்கிது" என்றார்.

மூன்றாவது மணி நேரத்தில் அவர் பேச்சு நின்றது.

கலைமதி விடைத்தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவர் உதட்டை இறுக்கி மூடியிருந்தார். தாடை லேசாக ஆடியது. அத்தை கொடுத்துவிட்ட விரிப்பை அவள் தோள்வரை இழுத்துவிட்டாள். சிஸ்டர் வந்து கையைப் பார்ப்பதற்காக அதை ஒதுக்கினார். மறுபடி இழுத்துவிட்டாள், மறுபடி ஒதுக்கினார்கள். வீட்டுக்குப் போவதற்குள் இப்படி ஆறு தடவை.

"குளுருதா மாமா?"

"யாருக்கு, எனக்கா? மணி என்னத்தா?"

மணியை மட்டும் அவர் அன்றைக்கு நாலு முறை கேட்டார்.

வீட்டில் கம்பளி இல்லாமல் இல்லை. ரகுநாத் சார்ஜாவிலிருந்து அனுப்பிய ஒன்று இருந்தது. கனமானது, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு புலி. அதைக் கொண்டுபோகலாமே என்று அழகம்மாள் சொன்னதற்கு, "புலியோட படுத்திருந்தா டாக்டர் கிட்ட வருவாரா?" என்று கேட்டுவிட்டார். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்ற கலைமதிக்கும் அதே கதிதான். தனக்காக யாரும் எதையும் வாங்குவது அவருக்குப் பிடிக்காது. வாங்கிக் கொடுத்த சட்டையைக்கூட அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்புகிற ஆள்.

அடுத்த வாரம் பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஜன்னல் ஓரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மாமாவின் கால் நீளத்தை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்டூலைப் போட்டு பையை இறக்கினாள். அவள் கணவன் கோபிநாத் மின்சாமான் கடை வைத்திருப்பவன், சாப்பிட வந்திருந்தான். தூசியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.

"டிரைவர் வந்துட்டாரா?"

"நீங்களும் ஆரம்பிக்காதீங்க."

தரையில் விரித்து அளந்தாள். முன்பு அகலமாக இருந்ததை நீளமாக வைத்தால் அறுபத்துநாலு அங்குலம், அகலம் நாற்பத்தெட்டு. ஆஸ்பத்திரிக் கட்டில் அகலத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு வரிசையைப் பிரித்தெடுத்தால் நாற்பது. ஓர் ஆள் நெஞ்சிலிருந்து கால்வரை போர்த்திக்கொள்ள அது போதும். நாலு வருடமாகப் பாதியில் நிற்கிறது என்று அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த துணி, ஒற்றை ஆளுக்கு ஒரு வரிசை கூடுதலாகவே இருந்திருக்கிறது.

ஆனாலும் கத்தரிக்கோல் நுனியைத் தையலில் வைத்தபோது கை தயங்கியது. பிரித்துவிட்டால் இரட்டைக் கட்டில் போர்வை என்று ஒன்று இனிமேல் கிடையாது. இத்தனை வருடமாக அதை முடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முடிக்கப்போவதில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"கட்டிலுக்கு?" என்றான் கோபிநாத்.

"கட்டிலுக்குக் கடையில வாங்கிக்குவோம்."

அவன் சாப்பாட்டுத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முதல் தையலை அறுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனாள். அவர் கட்டிலில் மல்லாந்து படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தோளிலிருந்து முழங்கைக்கு எவ்வளவு, ஊசி போடும் இடம் எங்கே என்று அவள் அளக்கத் தொடங்கியதும் திரும்பிப் பார்த்தார்.

"என்னத்தா, பாடைக்கு அளவெடுக்கிறியா?"

அடுப்படியிலிருந்து அழகம்மாள் கரண்டியோடு வந்துவிட்டாள். "ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன். கணக்கு டீச்சர் எடுக்கிற அளவு. எட்டு இஞ்ச் குறைஞ்சா காலு வெளிய நிக்கும்ல."

"கையைக் காட்டுங்க மாமா, பாடத்துக்கு வேணும்" என்றாள் கலைமதி. எந்தப் பாடத்தில் கிழவன் கை வருகிறது என்று அவர் கேட்டார். ஆனால் கையை நீட்டினார்.

அந்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் ஒரு மணி நேரம் தைத்தாள். நடுவில் வைத்துத் தைக்க இரண்டு பழைய பருத்தி வேட்டி. அடிப்பக்கத்துக்கு மிருதுவாக ஏதாவது வேண்டியிருந்தது. கொடியில் கோபிநாத்தின் நீலக் கட்டம்போட்ட லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. இடது கை வெளியே வருவதற்காக ஓரத்திலிருந்து ஒரு திறப்பு வெட்டி, அதை மூட நாடா வைத்தாள். அந்தப் பக்கம் தோளும் புஜமும் மூடியிருக்கும், ஊசி இருக்கும் இடம் மட்டும் வெளியே தெரியும். பிரித்தெடுத்த எட்டுச் சதுரத்தில் ஒன்றை, போன் வைக்க ஒரு பாக்கெட்டாக மேலே தைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி முடிச்சைப் போட்டபோது, என் லுங்கி எங்கே என்று கோபிநாத் தேடிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை சிஸ்டர் ஊசி போட்டு முடிக்கும்வரை அவள் பையைத் திறக்கவில்லை. கை கட்டுண்டு கிடக்கும்போது திருப்பிக் கொடுக்க முடியாது அல்லவா. பிறகு போர்வையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, அவர் மேல் விரித்தாள். மஞ்சள், ஊதா, இலைப் பச்சை, பூப்போட்டது, கோடு போட்டது என்று நாற்பது சதுரம். அந்த வெள்ளை அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அய்யாக்கண்ணு வலது கையால் ஒரு சதுரத்தைத் தடவிப் பார்த்தார். எதைப் பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வண்டி டெப்போவ விட்டு கெளம்பிருச்சா?"

"கெளம்பிருச்சு மாமா. கையை இந்தத் திறப்பு வழியா..." என்று சொல்லிக்கொண்டே தேடினாள். திறப்பு இடது பக்கத்தில் இல்லை. ஒன்றுமில்லாத வலது கைக்கு நேராக இருந்தது.

லுங்கிப் பக்கத்தை மேலே போட்டு வைத்துக்கொண்டு அவள் இடது என்று குறித்திருந்தாள். திருப்பிப் போட்டால் அது வலது ஆகிவிடும் என்பது இந்தத் தடவை விட்டுப்போனது.

முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. கை அசையக் கூடாது என்பதால் வயிற்றை மட்டும் வைத்துச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. என்ன என்று ஓடிவந்த சிஸ்டரிடம், "எம் மருமகம்மா. மேத்ஸ் டீச்சர்" என்று மட்டும் சொன்னார், மிச்சத்தைச் சொல்ல மூச்சு வரவில்லை. கலைமதிக்குக் காது சூடாகியது. குடுங்க, அடுத்த வாரம் சரிபண்ணிக் கொண்டுவாரேன் என்று இழுத்தாள். மாமா வலது கையால் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"திருப்பிப் போட்டா முடிஞ்சுபோச்சு. இதுக்குப் போயி" என்றார் சிஸ்டர்.

திருப்பிப் போட்டார்கள். கை திறப்பு வழியே அழகாக வெளியே வந்தது. தோள் மூடியிருந்தது. ஆனால் வெளியே தெரிந்தது நீலக் கட்டம்போட்ட லுங்கி. வண்ணம் முழுக்க உள்ளே போய்விட்டது.

"அடுத்த வாரம் திறப்ப மாத்தித் தைச்சு..."

"ஒண்ணும் வேணாம். நீ இன்னொரு தடவ பீரோ மேல ஏத்துனா எறங்க நாலு வருஷம் ஆகும். எனக்கு அவ்வளவு டயம் இருக்கோ என்னமோ." அவள் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு உடனே சொன்னார்: "லுங்கி ஊருக்குத் தெரியட்டும், பூவெல்லாம் எனக்கு. பாரு, பாக்கெட்டும் உள்ள வந்துருச்சு. எவனும் கை வைக்க முடியாது." போனை உள்ளே போட்டுக்கொண்டார்.

மூன்றாவது மணி நேரம் வந்தது. கலைமதி விடைத்தாளைப் பார்க்கிற மாதிரி அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆடவில்லை. சிஸ்டர் வந்து கையை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். போர்வையை யாரும் தொடவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க அய்யாக்கண்ணு தூங்கிப்போயிருந்தார். இதுவரை வந்த ஒருநாளும் அவர் இங்கே தூங்கியதில்லை.

போர்வைக்கு உள்ளே போன் அடித்தது. மெதுவாகக் கையை விட்டு எடுத்தாள். அழகம்மாள்.

"என்னடி, அவரு எடுக்காம நீ எடுக்கிற? என்ன செய்றாரு?"

"தூங்குறாருத்தை."

அழகம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"பேசாமயா இருக்காரு?"

"ஆமாத்தை. நான் தைச்ச போர்வையப் போத்தியிருக்கேன்."

"அதே மாதிரி எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடு. வீட்டுல போத்தி விடுறேன்" என்றாள் அழகம்மாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனை வைத்தாள்.

சாயங்காலம் ஆலங்குடி பஸ்ஸில் வழக்கம்போல முன்சீட்டு கிடைத்தது. அந்த பஸ்ஸின் கண்டக்டர், ஒருகாலத்தில் அய்யாக்கண்ணுவிடம் வேலை பழகிய பையன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. உடம்பு எப்படி இருக்கு அண்ணே என்றான். உடம்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடியில் இருந்த பையைப் பாதி திறந்து, மஞ்சளும் ஊதாவும் தெரிகிற மாதிரி கொஞ்சம் வெளியே இழுத்தார்.

"எம் மருமக தைச்சது. நாலு வருஷ வேலை. எம்எஸ்சி. என்ன, எது எடது எது வலதுன்னு மட்டும் தெரியாது."

"அது கணக்குல வராது மாமா" என்றாள் கலைமதி. "எல்கேஜி பாடம்."

"அப்ப அவுங்கள்ட்ட போயி டியூஷன் படி" என்றார். அடுத்த நிறுத்தத்தில் தெரிந்தவர் ஒருவர் ஏறியதும், பையை மறுபடி திறந்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.